கார் டயர் கேட்டு வந்த சீடர்

"அம்மணி, என்ற பைக்குக்குப் பின்னால ஒரு கார் டயர் மாட்டிக் குடு," என்றார் சென்னியப்பன்.

தமயந்தி லாரி டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு போனாள். நிற்கவில்லை.

"பைக்குக்கு பைக் டயர்தானுங்ண்ணா மாட்டுவாங்க."

"வெளிநாட்டுல கார் டயர் மாட்டி ஓட்டறாங்க. செல்லுல பாத்தேன்."

"எதுக்குங்ண்ணா நமக்கு?"

"அதை மாட்டினா வசந்தாமணி பின்னாடி உக்காருவா."

டயர் நின்றது. தமயந்தியும் நின்றாள்.

மேட்டுப்பாளையத்தில் குன்னூர் ரோடு மலை ஏறத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது தமயந்தியின் டயர் கடை. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அவருக்கு அறுபத்தொன்று. இருந்தாலும் குரு அவள்தான், சீடர் அவர்தான். இந்த ஏற்பாடு அவரே செய்துகொண்டது.

மோட்டார் பம்ப் கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற மறுமாதம், இரண்டு பக்கமும் சாமான் பெட்டி வைத்த பெரிய டூரிங் பைக் ஒன்றை வாங்கினார். அதன் பின் சக்கரத்தைத் தானே கழற்றிப் பார்த்தார். திருப்பி மாட்டத் தெரியவில்லை. ஆட்டோவில் சக்கரத்தையும், ஒரு மஞ்சப்பை நிறைய நட்டு போல்ட்டையும் போட்டுக்கொண்டு இவளிடம் வந்து நின்றார். அவள் சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தாள். அன்றிலிருந்து "நீதான் எனக்குக் குரு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். முப்பது வருஷம் கீழே இருப்பவர்களுக்கு உபதேசம் செய்தே பழகியவருக்கு, உபதேசம் கேட்கிற ஆசை கொஞ்சம் தாமதமாக வந்திருந்தது.

அவள் அந்தப் பட்டத்தை ஒரு நாளும் ஏற்றுக்கொண்டதில்லை. மறுத்ததும் இல்லை.

"வசந்தாமணி அக்கா இப்ப உங்க பின்னாடி உக்காரறது இல்லீங்களா?" என்று கேட்டாள்.

"போன ஆனியிலிருந்து இல்ல."

"என்ன ஆச்சுங்ண்ணா?"

"எங்க கல்யாண நாளு ஆனி பன்னண்டு. வருஷா வருஷம் மலையேறி பர்லியார் போயி மங்குஸ்தான் பழம் திம்போம். முப்பத்து மூணு வருஷமா விட்டதில்ல. போன வருஷம் அஞ்சாவது கொண்டை ஊசி வளைவுல பின் டயர் வழுக்கிருச்சு. அவளுக்கு இடது மணிக்கட்டு உடைஞ்சுது. ஆறு வாரம் மாவுக்கட்டு."

"உங்களுக்கு?"

"சட்டை கிழிஞ்சுது."

தமயந்தி அவர் சட்டையைப் பார்த்தாள்.

"டயர்தான் அம்மணி மோசம். நடுவுல பட்டன் தேஞ்சு சப்பையாயிருச்சு. கார் டயர்னா மொதல்லயே சப்பை. சீக்கிரம் தேயாது. ரோட்டைக் கெட்டியாப் புடிச்சுக்கும். இன்னும் பதினஞ்சு நாள்ல ஆனி பன்னண்டு வருது. இந்த வருஷமும் அவ வரலைன்னா, அப்புறம் எப்பவுமே வரமாட்டா. எனக்கு அது தெரியுது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. தமயந்திக்கு மனசு கேட்கவில்லை.

"கார் டயர் மாட்டினா உக்காருவேன்னு அக்கா சொன்னாங்களா?"

"சொல்லல."

"பின்ன என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமே சொல்லல. அதுதான் பெரிய தொந்தரவு."

"மார்க்கெட்டுக்கு எதுல போறாங்க?"

"அவ ஸ்கூட்டர்ல."

"ஓ," என்றாள் தமயந்தி.

அதற்கு மேல் ஏதாவது வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை.

அவள் உள்ளே போய் இரண்டு டயர்களைக் கொண்டுவந்தாள். ஒன்று பைக் டயர். இன்னொன்று கார் டயர். பைக் டயரைக் கொஞ்சம் சாய்த்து உருட்டிவிட்டாள். அது சாய்ந்தபடியே வளைந்து போய், டீக்கடை பெஞ்சைச் சுற்றிக்கொண்டு படுத்தது.

கார் டயரையும் அதே மாதிரி சாய்த்து உருட்டினாள். அது நிமிர்ந்துகொண்டது. நேராகப் போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். எவ்வளவு கம்பீரமா நிக்குது பாரு."

தமயந்தி அவரை ஒரு தடவை பார்த்தாள்.

"இதை மாட்டாதீங்கன்னு பைக் கம்பெனிக்காரங்க புத்தகத்துல போட்டிருப்பாங்க."

"போட்டிருக்காங்க. படிச்சேன்."

"படிச்சுமா கேக்கறீங்க?"

"ஆமா."

"சரிங்ண்ணா. ஆனா என்ற கடை வழக்கம் தெரியுமில்ல? நான் மாட்டின டயரை மொதல்ல நான்தான் ஓட்டிப் பாப்பேன். வண்டிக்காரங்க பின்னாடி உக்காரோணும்."

"அதுக்கென்ன," என்றார் சென்னியப்பன்.

கார் டயர் பைக் ரிம்மில் லேசில் ஏறவில்லை. சோப்புத் தண்ணீர் தடவி, கம்பி போட்டு நெம்பி, ஒன்றரை மணி நேரம் ஆனது. காற்று ஏற்றும்போது அவரைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நிற்கச் சொன்னாள். கடைசியில் டப் என்று ஒரு சத்தம். சற்று விட்டு இன்னொரு டப். டயர் இரண்டு பக்கமும் ரிம்மில் உட்கார்ந்துவிட்டது.

"ஏறுங்ண்ணா."

அந்த ஆட்டோவைத் தவிர்த்தால், கல்யாண ஊர்வலத்து ஜீப்புக்குப் பிறகு சென்னியப்பன் இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து எங்கேயும் போனதில்லை. காலை எங்கே வைப்பது என்று தேடினார். கையை எங்கே வைப்பது என்று தேடினார். அவருக்கு முன்னால் ரோடு இல்லை. தமயந்தியின் சிவப்பு ஹெல்மெட் மட்டும்தான் இருந்தது.

கல்லாறு வரை நேர் ரோடு. பைக் மெத்தை மாதிரி போனது.

"நான் சொன்னேனில்ல?" என்று ஹெல்மெட்டிடம் சொன்னார்.

முதல் கொண்டை ஊசி வளைவு வந்தது. வண்டி சாயாமல் முரண்டு பிடித்தது. தமயந்தி கைப்பிடியை அமுக்கிப் பிடித்துத் திருப்பினாள். பின்னால் இருந்தவருக்கு அவள் அமுக்கியது தெரியவில்லை. வளைவு வந்தது மட்டும்தான் தெரிந்தது.

இரண்டாவது வளைவில் அவர் வாய் தானாகத் திறந்தது.

"அம்மணி, மெதுவா."

"ம்."

மூன்றாவது வளைவுக்கு முன்னால் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வளைவு வருது, அம்மணி."

"எனக்குத் தெரியும். சும்மா உக்காருங்க."

சென்னியப்பன் திடுக்கிட்டுப் போனார்.

அந்த வார்த்தைகள் அவருக்கு நன்றாகத் தெரிந்தவை. அந்தத் தொனியும் தெரிந்ததுதான். இதை வசந்தாமணி முன்னாலேயே குருவிடம் சொல்லிவைத்திருந்தாளா, இல்லை வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் வாயில் வருவது இதுதானா, அது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

நான்காவது வளைவில் அவர் பேசவில்லை.

ஐந்தாவது வளைவு தாண்டியதும் தமயந்தி கைப்பிடிச் சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தினாள். சுவர்மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து பலாக்கொட்டை தின்றுகொண்டிருந்தது. சென்னியப்பன் இறங்கி, குரங்குக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

குரங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"டயர் மொட்டையாயிருச்சுன்னு அவ ஒரு மாசமா சொல்லிட்டிருந்தா. இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடும்னேன்."

தமயந்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அன்னிக்கு இங்க வரும்போதும் மெதுவாப் போங்கன்னா. எனக்குத் தெரியும், சும்மா உக்காருன்னேன். டயர் மேல தப்பில்ல, அம்மணி."

"இதை எதுக்குங்ண்ணா எங்கிட்ட சொல்றீங்க?"

திரும்பி வரும்போதும் அவரே பின்னால் உட்கார்ந்தார். அவள் உட்காரச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் கடை திறக்கும்போதே வந்து நின்றார். முகத்தில் ஒரு வாரத் தாடி இருந்திருக்கும், நாள் போதவில்லை.

"சொல்லிட்டேன்," என்றார்.

"அக்காகிட்டயா?"

"ஆமா. தப்பு என்மேலதான்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"தோசைக்கு சட்னியா சாம்பாரான்னு கேட்டா."

தமயந்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிக்காத, அம்மணி. நான் நேத்து ராத்திரி முழுக்கத் தூங்கல. அறுவத்தோரு வயசுல மொத மொதல்ல ஒரு தப்பை ஒத்துக்கிட்டிருக்கேன். அவ சட்னியை அரைச்சுட்டுப் போறா. போதாததுக்கு இந்த டயர் வேற சொன்ன பேச்சுக் கேக்கமாட்டீங்குது. வளைவுல சாய்ச்சாப் பாதி வரைக்கும் சாயுது. அப்புறம் நிமிந்துக்குது."

"எத்தனை வாட்டி சொன்னீங்க?"

"டயர்கிட்டயா?"

"அக்காகிட்ட."

"ஒரு வாட்டி. ஒரே விஷயத்தை எத்தனை வாட்டி சொல்லறது?"

தமயந்தி அவர் இடது கையை எடுத்து, நின்றிருந்த பைக்கின் கைப்பிடிமேல் வைத்தாள். அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள்.

அமுக்கிக்கொண்டே நின்றாள்.

காற்றுப் பிடிக்க ஒரு லாரி வந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் கையை எடுக்கவில்லை. டீக்கடைக்காரர் இரண்டு டீ கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டு, இவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே போனார். டீ ஆடை கட்டியது.

"அம்மணி, லாரிக்காரர் காத்துட்டிருக்காரு."

"இருக்கட்டும்."

"கை வலிக்குது."

"வலிக்கும்."

"எவ்வளவு நேரம்தான் அமுக்கறது?"

"வளைவு இன்னும் முடியலீங்ண்ணா."

அவர் அவளையே பார்த்தார். பிறகு கைப்பிடியைப் பார்த்தார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு மெதுவாகப் போனார்.

அதன் பிறகு அவர் கடைப்பக்கமே வரவில்லை.

ஐந்து நாள் ஆனது. ஒரு வாரம் ஆனது. பெரிய பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் தமயந்தி ரோட்டைப் பார்த்தாள். எல்லாம் ஊட்டிக்குப் போகிற யாரோ. அவளுக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். அதை மறைக்க ஒன்றும் இல்லை. குருவே என்று கூப்பிடுகிற ஆள் வராவிட்டால், டயர் கடை வெறும் டயர் கடையாகத்தான் இருக்கிறது.

ஆனி பன்னிரண்டு வந்தது. அன்று அவள் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை. கேட்டவர்களிடம் வேலை இருக்கிறது என்றாள். வேலை எதுவும் இல்லை.

மூன்று மணி சுமாருக்கு மலையிலிருந்து ஒரு ஸ்கூட்டர் இறங்கி வந்து கடை வாசலில் நின்றது.

ஓட்டி வந்தது வசந்தாமணி. நீலச் சேலை, தலையில் ஹெல்மெட். பின்னால் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். ஒரு கை சீட்டுக் கம்பியில். இன்னொரு கையில் மங்குஸ்தான் பை. முட்டிகளை ஒடுக்கிக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி நேராக இருந்தார்.

தமயந்தி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

அவர் மெல்ல இறங்கினார். தரையில் நின்ற பிறகும் ஒரு கை ஸ்கூட்டரை விடவில்லை.

"அஞ்சு வளைவுலயும் நான் வாயே தொறக்கல, அம்மணி," என்றார்.

"கண்ணையும் தொறக்கல," என்றாள் வசந்தாமணி.

பையிலிருந்து நாலு மங்குஸ்தான் எடுத்து தமயந்தியின் கரி பிடித்த கையில் வைத்தாள். ஒரு நொடி அந்தக் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

"பைக்கு எங்கீங்ண்ணா?"

"வீட்டுல நிக்குது. நாளைக்குக் கொண்டாறேன். அதுக்குப் பைக் டயரே போட்டுரு."

"சரிங்ண்ணா."

"அது கெடக்கட்டும், கண்ணு," என்றாள் வசந்தாமணி. "நீ மொதல்ல இந்த ஸ்கூட்டருக்குப் பின் டயரை மாத்து."

தமயந்தி குத்தவைத்து, டயர்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தாள். நடுவில் பட்டன் லேசாகத் தேய்ந்திருந்தது. அவ்வளவுதான்.

"இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடுமுங்க்கா. யாரு மாத்தச் சொன்னது?"

"பர்லியார்ல நிக்கறப்ப இவரு பாத்துட்டு, தேஞ்சிருக்குதுன்னு சொன்னாரு."

வசந்தாமணி ஹெல்மெட்டைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மங்குஸ்தானை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். இடது மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. பழம் திறந்துகொண்டது.

"ஒரு வாட்டி சொன்னாப் போதாதா?" என்றாள்.