நாலு விரல் குறைவு

“இதைச் சுடலாமா, கூடாதா?” என்று கேட்டார் கோமதிநாயகம்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் காரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, அறுபத்தாறு வயதில், நீளமான துணிப்பொதியைத் தோளில் சுமந்து மலையேறி வந்திருந்தார்.

குடிசை வாசலில் உலகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குருவுக்குச் சீடரைவிட வயது இருபத்தைந்து குறைவு. காவி கட்டுவதற்கு முன்பு ஆயுதப்படையில் துப்பாக்கி பழுதுபார்த்தவர்.

கோமதிநாயகம் பொதியைப் பிரித்தார். இருநூறு வருஷத்துத் துப்பாக்கி. குழல் முழுக்க வெள்ளிக் கொடி ஓடியிருந்தது. வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் இடித்து, கல் உரசும் பொறியில் வெடிக்கிற வகை.

“பழைய துப்பாக்கி சேர்க்கிற எங்க சங்கத்துல ரெண்டு கட்சி, தாயி. வெடிக்காத துப்பாக்கி வெறும் உலக்கைன்னு ஒரு கூட்டம் சொல்லுது. ஒரு தடவை சுட்டுக் குழல் கீறிட்டா பொக்கிஷம் போச்சுங்குது இன்னொரு கூட்டம்.”

“நீங்க எந்தக் கட்சி, அண்ணாச்சி?”

“சுடணும். கண்ணை மூடுறதுக்குள்ள இதோட குரலை ஒரு தடவை கேட்டுரணும். ஞாயித்துக்கிழமை வச்சிருக்கேன். புதுக் கல்லும் மாட்டியாச்சு. குறி வைக்கதுக்குப் பேத்தி ஒரு பானைக்குச் சுண்ணாம்பு அடிச்சு வச்சிருக்கா.”

எல்லாம் முடிவு செய்துவிட்டுத்தான் மனுஷன் அனுமதி கேட்க வருகிறான்.

உலகம்மை வெள்ளி வேலைப்பாட்டைப் பார்க்கவே இல்லை. முதலில் அந்தப் புதுக் கல்லைக் கழற்றி ஓரமாக வைத்தார். குழலின் வாயை முகர்ந்தார். பிறகு கூரையிலிருந்து ஒரு மூங்கில் குச்சியை உருவி உள்ளே விட்டார். நின்ற அளவை விரலால் பிடித்து, வெளியே எடுத்து, குழலின் மேல் வைத்துப் பார்த்தார்.

குச்சி அடிவரை எட்டவில்லை. நாலு விரல் குறைந்தது.

“அழுக்கு அடைச்சிருக்கும்” என்றார் கோமதிநாயகம்.

“உள்ள இருக்கு, அண்ணாச்சி.”

“என்ன இருக்கு?”

“மருந்தும் குண்டும். நீங்க வாங்கும்போதே இருந்திருக்கு.”

கோமதிநாயகம் குழலின் வாய்க்கு நேரிலிருந்து விலகி நகர்ந்தார்.

“வீட்டுல இதை எங்க மாட்டியிருக்கீங்க?”

“கூடத்துச் சுவர்ல.”

“வாய் எந்தப் பக்கம் பார்க்கும்?”

“ஊஞ்சல் பக்கம்.”

“ஊஞ்சல்ல யாரு உக்காருவா?”

“என் வீட்டுக்காரி. தெய்வானை.” அவர் குரல் இறங்கிவிட்டது. “முப்பது வருஷமா அங்கதான் உக்காந்து பூக் கட்டுதா.”

கேட்காததையும் அவரே சொன்னார். “விருந்தாளி வந்தா எடுத்து அவங்க நெஞ்சுக்கு நேரா நீட்டி விசையை இழுப்பேன். டக்குன்னு சத்தம் வரும். எல்லாரும் சிரிப்பாங்க. கல்லு மட்டும் அப்ப மாட்டியிருந்தா...”

“ஞாயித்துக்கிழமை இதுக்கு மேலயே இன்னொரு மருந்து இடிச்சிருப்பீங்க.”

“குழல் சிதறியிருக்கும்.”

“பேத்தி எங்க நிப்பா?”

“என்னை ஒட்டித்தான்.”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். வெட்கம்தான் அதிகம் வலித்தது.

உலகம்மை குழலுக்குள் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டார். அதுவரை மிச்சக் கீரையை ஆய்ந்து முடித்தார். பிறகு முறுக்குக் கம்பியை விட்டு ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். முதலில், குண்டு உருளாமல் அடைத்த ஒரு துணிக் கிழிசல் வந்தது. புடவைக் கரை. அடுத்து குண்டு. கடைசியில் மருந்து கறுப்புச் சேறாக வழிந்தது.

குண்டை எடுத்துக் கோமதிநாயகத்தின் உள்ளங்கையில் வைத்தார். தண்ணீரில் கிடந்து வந்த ஈயம் அது. ஆனால் யாரோ இவ்வளவு நேரம் கைக்குள் பொத்தி வைத்திருந்தது போல வெதுவெதுப்பாக இருந்தது.

“இதை யாருக்கு வச்சிருப்பான்?” என்று மெல்லக் கேட்டார்.

“யாருக்கோ. குறி வச்ச ஆளு அன்னிக்கு உயிரோட வீட்டுக்குப் போயி சோறு தின்னிருப்பான்.”

“மருந்து இடிச்சு, குண்டு போட்டு, எல்லாத்தையும் தயார் பண்ணிட்டு ஏன் சுடாம விட்டான்?”

உலகம்மை குழலைத் துடைத்து, மறுபடி குச்சியை விட்டுக் காட்டினார். இந்தத் தடவை அடிவரை போனது. துப்பாக்கியைக் கோமதிநாயகத்தின் கையில் கொடுத்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய்த் திரும்பி நின்றார்.

“இப்ப காலி. கல்லும் இல்லை. நீங்களே பார்த்தீங்க.”

“பார்த்தேன்.”

“என் நெஞ்சுக்கு நேரா நீட்டி விசையை இழுங்க.”

கோமதிநாயகம் துப்பாக்கியைத் தூக்கினார். முப்பது வருஷமாக விளையாட்டாய் இழுத்த விசை. விரலை அதன்மேல் வைத்தார்.

காட்டில் ஒரு சத்தமும் இல்லை. குழலுக்கு நேராக உலகம்மை இமைக்காமல் நின்றார்.

பக்கத்தில் வேறு யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதாகக் கோமதிநாயகத்துக்குத் தோன்றியது. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

விரல் அசையவில்லை. குழல் மெல்லத் தாழ்ந்தது.

“முடியலை, தாயி.”

“அவனாலயும் முடியலை” என்றார் உலகம்மை.