தாமரைக்கு மருந்து

அரண்மனை வைத்தியன் சேந்தன் உச்சி வெயிலில் தன் குரு பூதியம்மையின் குடிலுக்கு வந்து சேர்ந்தான். கூட வந்த காவலர்கள் இருவரும் வேலிக்கு வெளியே நின்றார்கள். பொழுது சாய்வதற்குள் அவனை மறுபடி மன்னர் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது அவர்களுக்கு இட்ட கட்டளை.

இருபது வருஷத்துக்கு முன்பு இதே குடிலில்தான் அவன் வைத்தியம் படித்தான். கூடப் படித்த மருதன் இப்போது மூலையில் உட்கார்ந்து மருந்து இடித்துக்கொண்டிருந்தான். சேந்தனைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். அவனுக்கு நாக்கு கிடையாது. போன மாதம் வரை அவன்தான் அரண்மனை வைத்தியன். மன்னரின் பாதத்தைப் பார்த்து, வாய் தவறி அல்ல, தெரிந்தேதான், "புண்" என்று சொல்லிவிட்டான்.

அந்த அரண்மனையில் மன்னர் சாப்பிடுவதில்லை, அமுது செய்வார். தூங்குவதில்லை, பள்ளிகொள்வார். அவருக்குக் கால் கிடையாது, செந்தாமரைத் திருவடிதான் உண்டு. இப்படி நூற்றெட்டுச் சொற்களை ஓலையில் எழுதி வாசலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நோய்க்கு அதில் ஒரு சொல்லும் இல்லை.

சேந்தன் குருவின் காலில் விழுந்தான்.

"அம்மா, உள்ளதையும் சொல்ல வேண்டும், நாக்கும் தப்ப வேண்டும். அப்படி ஒரு சொல் கொடுங்கள்."

"சொல் அப்புறம் பார்க்கலாம். அங்கே என்ன பார்த்தாய்?"

அவன் வேலிப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டான். "செந்தாமரைத் திருவடி கருங்குவளையாக மலர்ந்திருக்கிறது."

"எதுவரை?"

"வீரக்கழல் அணியும் இடம் வரை."

"உடம்பில் சூடு?"

"திருமேனியில் சூரியன் குடியேறியிருக்கிறான்."

"வாடை?"

"கஸ்தூரியும் நாணும்..." அதற்குமேல் அவனுக்கு வரவில்லை.

மருதன் இடிப்பதை நிறுத்தினான். பூதியம்மை எழுந்து போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து சேந்தன் முன் வைத்தார். காலையும் மாலையும் இதை ஊற்று, போதும் என்றார்.

"வெறும் தண்ணீரா அம்மா?"

"தாமரைக்கு வேறென்ன வேண்டும்?"

சேந்தனுக்கு அழுகை வந்துவிட்டது. பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். நேற்று மன்னர் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தது நினைவுக்கு வந்தது. வலிக்கிறது என்று சொல்ல அவருக்கும் அந்த ஓலையில் சொல் இல்லை.

"அது கால், அம்மா." குரல் அவனுக்கே கேட்கவில்லை. "அழுகிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்று நாள் தாங்கமாட்டார்."

"வேலிக்கு வெளியே கேட்கிற மாதிரி சொல்."

சொன்னான். காவலர்கள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் ஈட்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.  சொன்னதை இனி விழுங்க முடியாது.

பூதியம்மை அலமாரியிலிருந்து எலும்பு அறுக்கும் வாளை எடுத்துத் துணியில் சுற்றினார். பிறகு இரண்டு மருந்துப் பொட்டலங்கள் கட்டினார். ஒன்று உள்ளங்கை அளவு பெரியது, இன்னொன்று கட்டைவிரல் அளவுதான். அறுத்த இடத்தில் பெரியதைப் போட்டுக் கட்டு, ரத்தம் நிற்கும், ஒரு மண்டலத்தில் ஆறிவிடும் என்றார்.

சேந்தன் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனான். அங்கே நின்று திரும்பினான்.

"சின்னது எதற்கு அம்மா?"

பூதியம்மை மூலையில் இருந்தவனைப் பார்த்தார்.

"மருதனுக்கு ஒன்பதே நாளில் ஆறியது" என்றார்.