மலைக்குப் பதிலாகப் பொங்கிய பால்

மலைகளுக்கும் மாடுகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், உலைமலை என்று ஒரு மலை இருந்தது. உச்சியில் பெரிய குழி, குழிக்குள் நெருப்புக் குழம்பு. அடிவாரத்து மண்ணோ எதை ஊன்றினாலும் முளைக்கிற மண். அதனால் யாராவது குடியேற வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் கூரை போட்டு முடிப்பார்கள், உடனே மலை பொங்கிவிடும். துணிமணியை அள்ளிக்கொண்டு ஓடுவார்கள். ஊர் என்று ஒன்று அங்கே உருவாகவே இல்லை.

வெள்ளையம்மாளும் அவள் புருஷன் மாசாணமும் அப்படி வந்தவர்கள்தான். அவளுக்கு நிறைமாதம். போன இடமெல்லாம் வெள்ளமும் பஞ்சமும் விரட்ட, கடைசியாக இங்கே வந்து ஒரு வீடு கட்டியிருந்தார்கள். குடிபுகுந்த காலையில் அவள் அடுப்பை மூட்டிப் பாலை வைத்தாள். தரை நடுங்கியது. மலையுச்சி சிவந்தது. மாசாணம் பாயைச் சுருட்டிவிட்டான்.

"கெளம்பு புள்ள! வேற எடம் பாத்துக்கலாம்."

"நான் வரல. எம் புள்ள இந்தக் கூரைக்குக் கீழதான் பொறக்கணும்."

இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பயம் இருந்தது. ஆத்திரம் அதைவிட அதிகமாக இருந்தது.

"ஏ மலை! நாங்க உனக்கு என்ன கெடுதல் செஞ்சோம்? எங்க மேல உனக்கு என்ன கோபம்?"

மலை திகைத்துப்போனது. ஓடாமல் நின்று அதனிடம் கேள்வி கேட்டவர்கள் அதுவரை யாருமில்லை.

"கோபமா? ஐயையோ, சந்தோஷம் தாயி! எத்தனை காலமா தனியாக் கெடக்கேன்! யாராவது வீடு கட்டினா மனசு நெறஞ்சு பொங்கிடுது. எல்லாரும் ஏன்தான் ஓடுறாங்களோ!"

வெள்ளையம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"உன் சந்தோஷத்துல நாங்க வெந்துபோவோமே! கொஞ்சம் அடக்கிக்கக் கூடாதா?"

"அடக்கத்தான் பாக்குறேன். தொண்டை வரைக்கும் வந்துடுச்சே."

அந்த நேரம் பார்த்து, வீட்டோரம் கட்டியிருந்த அவர்களுடைய செவலைப் பசு கத்தியது. "பால் பொங்குது! என் கன்னுக்குட்டிக்குக்கூட விடாமக் கறந்த பாலு!"

வெள்ளையம்மாள் பானையை இறக்க உள்ளே ஓடினாள். வாசல் வழியே எட்டிப் பார்த்த மலை, "அட! அதுவும் என்னை மாதிரியா?" என்றது. கேட்கும்போதே அதன் நடுக்கம் கொஞ்சம் தணிந்தது. அதை அவள் கவனித்தாள். பானைக்கு நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

வீட்டில் இருந்தது அந்த ஒரு பானைப் பால்தான். அது நுரைத்து எழுந்து, விளிம்பைத் தாண்டி, அடுப்பெல்லாம் வழிந்தது.

"எதுக்கு அது பொங்குது?" என்று மலை மெல்லக் கேட்டது.

"உன் பங்குக்கும் சேத்துத்தான். நாங்க வந்ததுல உனக்குச் சந்தோஷம். உங்கிட்ட வந்ததுல எங்களுக்குச் சந்தோஷம். இனிமே நீ சிரமப்படாத. உனக்குப் பதிலா நாங்க பொங்க வச்சுக்கிறோம்."

"எனக்காகவா?"

அந்த மலைக்காக அதுவரை யாரும் எதுவும் செய்ததில்லை. அது நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது. நெருப்பு குழிக்குள் இறங்கியது. மாசாணம் சுருட்டிய பாயை மறுபடி விரித்தான். பசு மட்டும் சாயங்காலம் வரை யாரோடும் பேசவில்லை.

அந்த வாரமே அந்தக் கூரைக்குக் கீழே ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறகு குடியேற வந்தவர்களிடமெல்லாம் வெள்ளையம்மாள் இடுப்பில் குழந்தையோடு ஓடிப்போய்ச் சொன்னாள். "மொதல்ல பாலைக் காய்ச்சுங்க. பொங்கினா எறக்காதீங்க!"

இன்று அங்கே பெரிய நகரம் இருக்கிறது. அடுக்குமாடி வீடுகள் மலையின் காலை மிதிக்கிற மாதிரி நெருங்கிவிட்டன. பளபளக்கிற புது அடுப்பு பாலில் நனைந்து நாசமானாலும், வீட்டுக்காரர்கள் கைதட்டிச் சிரிக்கிறார்கள். உச்சியில் கொஞ்சம் புகை எழுந்து அடங்குகிறது. வெள்ளையம்மாள் கையைப் பின்னுக்கு இழுத்த அந்தக் காலையிலிருந்துதான், புது வீட்டில் பொங்குகிற பாலை இறக்க யாரும் அவசரப்படுவதில்லை.