பலகை நட்ட சீமைச்சாமி

ஓடைக்கரைப் பண்ணைக்குக் கோடை லீவில் இருபது பிள்ளைகள் செடி வளர்க்கப் படிக்க வந்து தங்குவார்கள். பாத்தியில் ஆளுக்கொரு கத்தரி நாற்று. அங்கே கூடமாட வேலை செய்தவர்கள் மூன்று பேர்: சீமைச்சாமி, அவருடைய மச்சினன்மார் பூவலிங்கம், தொப்பளான். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை என்று ஊரில் பேச்சு. நான் அவ்வளவு தாராளமாகச் சொல்ல மாட்டேன்.

சீமைச்சாமிக்கு ஒரே ஒரு ஆசை. யாராவது தன்னை 'சார்' என்று கூப்பிட வேண்டும். பாவம், பெண்டாட்டி அன்னக்கொடிகூட "யோவ்" என்றுதான் கூப்பிடுவாள்.

வியாழக்கிழமை, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஜெபராணி டீச்சர் தங்கச்சி கல்யாணத்துக்குக் கிளம்பினார்.

"சனிக்கிழமை பெத்தவங்க வர்றப்போ நானும் வந்துடுவேண்ணே. எல்லாம் ஒழுங்கா இருந்தா நீங்கதான் தோட்ட ஆசிரியர். கத்தரி நாத்தைப் பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்குங்க. பிள்ளைங்களை வெயில்ல நிக்க விடாதீங்க. பாத்தியைக் காலியாப் போட்டுடாதீங்க."

சீமைச்சாமி தலையை ஆட்டினார். பஸ் கிளம்பிய கையோடு ஒரு வேப்பம்பலகையில் 'தோட்ட ஆசிரியர்' என்று பெயிண்டில் எழுதி வாங்கிவிட்டார். அப்புறம் மூவரும் கூடி யோசித்தார்கள்.

"நாத்தும் பிள்ளைதானே மச்சான்?" என்றான் பூவலிங்கம்.

"டீச்சரே சொல்லிட்டாங்களே."

"அப்போ இருபது பிள்ளைங்க வெயில்ல நிக்குதே!"

சீமைச்சாமி துள்ளி எழுந்தார். ஓடிப்போய் இருபது நாற்றையும் பிடுங்கி, டப்பாவில் வைத்து, வகுப்புக் கொட்டகைக்குள் பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தார்கள். தொப்பளான் பேர் வாசித்தான். ஒன்றும் வாய் திறக்கவில்லை.

"புது இடம், கூச்சப்படுதுங்க," என்றார் சீமைச்சாமி.

மத்தியானம் ஒரு நாற்று தலை சாய்ந்தது. பசிதான் என்று தொப்பளான் அதற்குத் தயிர்சாதம் ஊட்டினான். அது அதோடு எழுந்திருக்கவேயில்லை.

இப்போது பாத்தி காலி. பெஞ்சில் இடமில்லாமல் நிஜப் பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். சீமைச்சாமி ஒரு முடிவுக்கு வந்தார். குழிக்கு ஒரு பிள்ளை.

"வெயிலாச்சே மச்சான்?"

"ஆளுக்கொரு குடை குடு மாப்ளே."

அந்தக் குடையை நாற்றுக்கே பிடித்திருக்கலாமே என்கிறீர்களா? அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

பிள்ளைகள் முழங்கால் வரை சேற்றில் குதூகலமாக நின்றார்கள். காலையும் மாலையும் சீமைச்சாமி தலைக்கு இரண்டு சொம்பு ஊற்றினார். "இன்னொரு சொம்பு சார்! எனக்கு சார்!" என்று இருபது வாயும் கத்தின. சார்! மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை டீச்சரும் பெற்றோரும் வந்து நின்றார்கள்.

"அண்ணே! என்னண்ணே இது?"

"எல்லாம் சௌக்கியம் டீச்சர். நாத்து வகுப்புல இருக்கு. பிள்ளைங்க நல்லா வேர் பிடிச்சுட்டாங்க."

ஒரு அம்மா மகனைப் பிடித்து இழுத்தார். அவன் வரமாட்டேன் என்று குழியிலேயே உட்கார்ந்துகொண்டான். சீமைச்சாமி மண்வெட்டியோடு ஓடிவந்தார். "இழுக்காதீங்கம்மா, வேர் அறுந்துடும்! தாய்மண்ணோட எடுத்துத் தர்றேன்." சொன்னபடியே பிள்ளைக்கு ஒரு கூடை சேறும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார்.

எல்லோரும் போன பிறகு டீச்சர் நாற்றுகளைத் திரும்ப நட வைத்தார். பத்தொன்பதுதான் இருந்தது. தயிர்சாதம் சாப்பிட்டதன் குழி காலி. அந்த நேரம் பார்த்து சீமைச்சாமி பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இதை எங்கே மாட்டட்டும் டீச்சர்?"

டீச்சருக்கு வந்ததே கோபம்! "கொண்டுபோய் அந்தக் குழியில புதைங்க!"

சாயங்காலம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அன்னக்கொடி திகைத்து நின்றாள். காலிக் குழியில் பலகை நிமிர்ந்து நின்றது. பூவலிங்கம் குடை பிடித்தான். சீமைச்சாமி பதமாக இரண்டு சொம்பு ஊற்றினார்.

"என்னய்யா பண்றே?"

"சத்தம் போடாதே. டீச்சரே நடச் சொல்லிட்டாங்க. உரம் மட்டும் சரியா வச்சா, அடுத்த கோடைக்குள்ள எப்படியும் நாலு ஆசிரியராவது காய்ச்சிடும்."