காலியாகச் சுட்டது

"மேடம், தோட்டா உள்ள போயி உக்கார மாட்டேங்குது. சுட்டா, காலி உறை வெளிய வர மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை போட்டி."

ஆறுமுகநயினார் பிஸ்டலை மேசைமேல் வைத்தார். போட்டிக்குச் சுடும் பழைய பாயின்ட் டூ டூ ரகம்.

ஐம்பத்திரண்டு வயதுக்காரர். எட்டு வருடமாக அவருக்குக் குறிசுடச் சொல்லித்தருவது பிலோமினா. அந்த அம்மாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர்.

"என்னென்ன மாத்துனீங்க?"

"கைப்பிடிய என் கைக்குத் தக்கன அரத்தால ராவுனேன். டிரிகர இளக்குனேன். போன மாசம் பலமான ஸ்பிரிங் ஒண்ணு போட்டேன்."

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்று மனிதர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க. ஒரு பதக்கம் வாங்கிட்டா, அதக் கொண்டுபோயிச் சொர்ணத்தக் கூட்டியாந்துருவேன்."

சொர்ணம் அவர் மனைவி. தங்கை வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. மகள் செத்துப்போன துக்கம்தான் அவளை விரட்டியது என்று நினைத்திருந்தார். பாவம் மனுஷன்.

பிலோமினா பிஸ்டலில் தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டுக் குழலைக் கழற்றினார். தோட்டா உட்காரும் வாயைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"தோட்டா போடாம காலியா சுடுதீங்களா?"

"பயிற்சிக்குத்தான்."

"உள்ள பிளாஸ்டிக் துண்டு வச்சுத்தான சுடச் சொன்னேன்?"

"அத வச்சா 'டக்'குனு சத்தம் நல்லா வரல, மேடம்."

"எதக் குறி வச்சு?"

நயினார் மெல்லச் சொன்னார்.

பேப்பரில் வந்த ஒரு போட்டோ. குடித்துவிட்டுக் கார் ஓட்டி அவர் மகளைக் கொன்றவன். அதைக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தார். விடிந்ததும் நூறு தடவை சுடுவார். சொர்ணம் இருந்தவரை, அப்போது அடுக்களையில் காபி போட்டுக்கொண்டிருப்பாள்.

"எத்தனை நாளா?"

"நாலு வருசமா."

"அவன் இப்ப எங்க?"

"ஜாமீன்ல வந்தான். மஞ்சக்காமாலையில செத்துட்டான். மூணு வருசம் ஆச்சு."

"அதுக்கப்புறமுமா?"

"அப்புறந்தான் மேடம் ஜாஸ்தி."

அந்த ஆத்திரத்தை எங்கே இறக்கிவைப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

பிலோமினா கண்ணாடியை அவரிடம் நீட்டினார்.

"பாருங்க."

குழல் வாயின் விளிம்பில் ஒரு பள்ளம். தோட்டா இருந்தால் அதன் ஓரத்தில் விழ வேண்டிய அடி. டிரிகரை இழுத்தால் அடிக்கிற ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தி இரும்பு உள்பக்கம் பிதுங்கிவிட்டது.

"அவன் மேல எத்தனை பட்டுச்சு, சார்?"

"செத்தவன் மேல எப்படிப் படும்?"

"இது மேல பட்டிருக்கு. இது மேல மட்டுந்தானா?"

நயினார் அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். மச்சினிதான் பேசினாள்.

"சொர்ணத்துக்கிட்டக் குடும்மா."

"வேண்டாம் அத்தான்."

"அந்தப் போட்டோவக் கிழிச்சிருதேன்னு சொல்லு. இனிமே சுட மாட்டேன்னு சொல்லு."

"இங்க யாராவது லைட்டு சுவிட்சத் தட்டுனாலே, அக்கா காதப் பொத்திக்கிட்டு மூலையில போயி உக்காந்துருதா, அத்தான்."