ஏழாவது கணினி

தேவசகாயத்துக்கு வயது ஐம்பத்து மூன்று. மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு ரூமிலேயே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, கணினி அறைக்குப் பாடம் கேட்க வந்தவர். பாடம் சொல்லித்தந்த பர்வீனுக்கு முப்பத்தொன்று.

ஆஸ்பத்திரிக் கணினிகளில் உள்ளதெல்லாம் தினமும் ஒரு டேப்பில் நகலாகும். மறுநாள் காலை அதைக் கழற்றி, தேதி எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டுவது தேவசகாயத்தின் வேலை. பூட்டியபின் கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு, சந்தேகம் வந்து திரும்பி நாலாவது முறை இழுத்ததும் உண்டு. பயம் அவரோடு கூடப் பிறந்தது.

ஒரு நாள் காலை கேட்டே விட்டார்.

"மேடம், இருபத்தெட்டு டேப் இருக்கு. எல்லாத்துக்கும் திரையில பச்சையா 'வெற்றி'ன்னுதான் வந்துது. அப்பவும் பயமா இருக்கு. இன்னும் எத்தனை டேப் இருந்தா நிம்மதியா இருக்கலாம்?"

பர்வீன் தன் திரையில் ரத்த வங்கிக் கணினியைத் திறந்தார். அதில் அரிய வகை ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேர், ஃபோன் நம்பரோடு. துண்டுச் சீட்டுகளைப் பார்த்து நாலு மாதம் தேவசகாயமே உட்கார்ந்து அடித்தது. சீட்டுகள் பழைய பேப்பருக்குப் போயாயிற்று. போன வாரம் ஒரு பிரசவத்தில் தாய் பிழைத்தது இந்தப் பட்டியலால்தான்.

பர்வீன் அதை அழித்தார்.

"மேடம், என்ன செஞ்சிட்டீங்க?"

"டேப் இருக்குல்லா அண்ணாச்சி. திரும்பக் கொண்டாங்க."

தேவசகாயம் பீரோவைத் திறந்து, நேற்றைய டேப்பை எடுத்து மாட்டினார். அது உர்ரென்று சுற்றியது. மருந்தகம், ஆய்வுக்கூடம், எக்ஸ்ரே என்று கணினிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ஆறு பெயரோடு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் இருப்பதோ ஏழு கணினி.

முந்தாநாள் டேப்பிலும் ஆறு. அதற்கு முந்தியதிலும் ஆறுதான்.

ரத்த வங்கிக் கணினி மார்ச் மாதம் வந்தது. ஒயரைச் செருகி மற்ற கணினிகளோடு இணைத்தவர் தேவசகாயமேதான். நகல் எடுக்க வேண்டியவற்றின் வரிசையில் அதன் பெயரைச் சேர்க்க மறந்திருந்தார்.

"வெற்றின்னு வந்துதே மேடம்."

"ஆறைத்தான எடுக்கச் சொன்னீங்க? ஆறையும் எடுத்துச்சு."

தேவசகாயம் நாற்காலியில் சரிந்தார். "இனி ஒருத்தி பிரசவத்துக்கு வந்து படுத்தா நான் யாரைக் கூப்பிடுவேன்?" என்றார். பீரோ கைப்பிடிக்குப் பயந்த அளவுக்கு அந்த வரிசைக்குப் பயப்படவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார்.

பர்வீன் கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டினார்.

"காலையிலயே இதுல ஒரு நகல் எடுத்து வச்சேன்."

போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சட்டைப் பையில் போட்டு, மூன்று முறை தொட்டுப் பார்த்தார்.

"இப்பதான் மேடம் நிம்மதியா இருக்கு."

"திறந்து பாத்தீங்களா அண்ணாச்சி?"