குளவி மூடிய கலயங்கள்

டொக்! டொக்! டொக்!

மண்ணுக்குள் மூக்கை விட்டுக் கோரைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த மூக்காயிப் பன்றி தலையைத் தூக்கியது. ஒன்றும் தென்படவில்லை. மறுபடியும் டொக்! டொக்! அப்புறம்தான் பட்டமரத்து உச்சியில் மரங்கொத்தியின் சிவப்புக் கொண்டை தெரிந்தது.

"எல்லாரும் கேளுங்க! மழைக்கு முன்னால குளத்தைத் தூர் வாரணும்! கூலி, ராஜா தோப்பு நாவல்பழம். எத்தனை மரத்துப் பழம் வேணும்னு இலையில கீறிக் குளவிகிட்டே கொடுங்க! குறைவாக் கேட்கிறவங்களுக்குத்தான் வேலை! நாளைக்குச் சாயங்காலம் விளாமர நிழல் கரும்பாறையைத் தொட்டதும் குளவியோட வாசல் மூடிடும்! சிங்கராஜா உத்தரவு!"

மூன்று வருஷமாக மந்திரி நரி இந்த வேலையை வெளியே மூச்சுவிடாமல் தன் மச்சான் ஓநாய்க்கே கொடுத்துவந்தது. ஓநாய் கரையில் நாலு பிறாண்டு பிறாண்டிவிட்டு, "முடிஞ்சது!" என்று போய்விடும். போன கோடையில் குளம் வறண்டு, புரளச் சேறுகூட இல்லாமல் மூக்காயியின் குட்டிகள் துவண்டு கிடந்தன. இன்னொரு கோடை அப்படிப் போனால் அவை பிழைக்காது.

கிழங்கைப் பாதியில் விட்டுவிட்டு மூக்காயி குளவியிடம் ஓடியது. பாறைச் சுவரில் வரிசையாகச் சின்னச் சின்ன மண் கலயங்கள்.

"ஆளுக்கு ரெண்டு கலயம்," என்றது குளவி. "முதல் கலயத்துல, இதுவரைக்கும் என்ன வேலை செஞ்சே, யார் சாட்சி? ரெண்டாவதுல கூலி. ரெண்டு இலையிலயும் உன் மூக்குத் தடம் இருக்கணும். முதல் கலயம் தேறினாத்தான் ரெண்டாவதை உடைப்போம். அதுவும் எல்லார் முன்னாலயும்!"

கீறி முடித்த இலைகளைக் கவ்விக்கொண்டு மூக்காயி குளவியிடம் திரும்பி வரும்போது நரி வழிமறித்தது.

"என்ன மூக்காயி அக்கா, அவ்வளவு அவசரம்? குளவி வாய் சும்மா இருக்குமா? நீ கேட்ட கூலியைக் காடெல்லாம் பாடிடும்! கடைசி நொடியில போடு. அதுதான் கெட்டிக்காரத்தனம்!"

மூக்காயி ஒரு நிமிஷம் தயங்கியது. நரி சொல்வதும் சரிதானோ? ஆனால் கடைசி நொடியில் காலில் முள் தைத்தால்?

"எனக்குக் காத்திருந்து பழக்கமில்லை மந்திரி. கிழங்கு வாசனை வந்தா அப்பவே தோண்டிடுவேன்!"

இலைகள் கலயத்துக்குள் விழுந்தன. குளவி ஈரமண் பூசி வாயை அடைத்தது.

மறுநாள் சாயங்காலம் காடே பாறையடியில் கூடியது. நரியும் வந்தது. பின்னால் ஓநாய், கழுதைப்புலி, காட்டுப்பூனை. நரி மூக்காயியின் கலயத்தை மோந்து மோந்து பார்த்தது. ஈரமண் வாசனைதான் வந்தது.

"குளவித் தங்கச்சி, பன்றி எத்தனை மரம் கேட்டுச்சு? ஒரு தேனடை தர்றேன்!"

"எனக்கே தெரியாது! நான் மூடுறவள், படிக்கிறவள் இல்லை!"

"அது கேட்டதுக்கு ஒண்ணு குறைச்சுப் போடலாம்னு பார்த்தா..." என்று முணுமுணுத்த நரி, கழுதைப்புலியையும் பூனையையும் முன்னால் தள்ளியது. "நீங்க போடுங்கடா முதல்ல!"

குளவி நிதானமாக அவற்றின் கலயங்களைப் பூசியது. ஓநாயின் இலை இன்னும் வெறுமையாக இருந்தது. "மச்சான், நிழல் வந்துடுச்சு!" என்று ஓநாய் பதறியது. நரி அவசர அவசரமாக எதையோ கீறி நீட்டியது.

நிழல் கரும்பாறையைத் தொட்டது.

"வாசல் மூடியாச்சு!" என்றது குளவி.

"ராஜா! ஒரே ஒரு நொடிதானே!" என்று நரி அலறியது.

சிங்கம் பிடரியைச் சொறிந்தது.

"உங்களுக்காகத் திறக்கலாம் ராஜா," என்றது குளவி. "நாளைக்கு யாருக்குத் திறக்க மாட்டேன்னு சொல்றது?"

சிங்கம் கையை இறக்கியது. "மூடினது மூடினதுதான். உடை!"

மூக்காயியின் முதல் இலையில் யானையின் கால்தடம். "என் ஊற்றைத் தோண்டினது இதுதான்!" என்று யானை பிளிறியது. கழுதைப்புலி எழுதியிருந்தது: ‘எலும்பு புதைத்தேன்.’ பூனை எழுதியிருந்தது: ‘தினம் காலையில் ஒரு குழி. சாட்சி இல்லை. யாரும் பார்க்கக் கூடாது.’

காடே விழுந்து விழுந்து சிரித்தது.

"மண்வேலை தெரியாம எதுக்குடா வந்தீங்க?" என்றது சிங்கம்.

கழுதைப்புலி முன்னங்காலை நரி பக்கம் நீட்டியது. "நரி அண்ணன்தான் ராஜா! நாங்க பதினைஞ்சு, பதினாறு மரம்னு சும்மா கேட்டு வச்சா, ஓநாய் கேட்கிறது குறைவாத் தெரியுமாம்!"

நரி வாலைக் கால்களுக்கு நடுவில் செருகிக்கொண்டது.

கடைசியாக மூக்காயியின் இரண்டாவது கலயம் உடைந்தது. ஐந்து மரம்! "போன வருஷம் ஓநாய்க்குப் பத்து மரம் கொடுத்தோமே!" என்று சிங்கம் உறுமியது. "மூக்காயி, வேலை உனக்கு! வேற ஏதாவது வேணுமா?"

"சேறு சுமக்க ரெண்டு ஆள் வேணும் ராஜா," என்றது மூக்காயி, நரியையும் ஓநாயையும் பார்த்தபடி.

எல்லாருக்கும் ஒரே வாசல், ஒரே நேரம் என்று ஆகிவிட்டால் வேலை தெரிந்தவருக்குப் பயமில்லை. குறுக்கு வழி தேடுபவர்தான் பிந்தி வந்து வெளியே நிற்பார்.

வேலை விடிந்துதான். குட்டிகளுக்கு இப்போதே பசி. மூக்காயி பட்டமரத்தடிக்குப் போய், பாதியில் விட்ட குழிக்குள் மூக்கை நுழைத்தது.